ஏற்காட்டில் ஒரு மாதம் இருந்தால் ஸ்டாமினா இரட்டிப்பாகாது

"ஏற்காட்டில் ஒரு மாதம் நீச்சல் கேம்ப் போட்டால் போதும், காற்றில் ஆக்சிஜன் கம்மி, பிள்ளைகளுக்கு ஸ்டாமினா இரட்டிப்பாகும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லைங்க. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம்தான். ஆக்சிஜனைச் சுமக்கும் ரத்தச் சிவப்பணு கூடட்டும் என்று பெரிய வீரர்கள் போகிற முகாம்கள் பெரும்பாலும் 2,000 மீட்டருக்கு மேல். அங்கே மூன்று, நான்கு வாரம் தங்கினாலும் கிடைப்பது சில சதவீத முன்னேற்றம்தான்.

மூச்சு வாங்காமல் நீண்ட நேரம் நீந்துவது வருடக்கணக்கில் வருவது. இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தம் கூட வேண்டும், தசையில் ரத்த நுண்குழாய்களும், செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் பெருக வேண்டும். பயிற்சியை விட்டால் சில வாரத்திலேயே இறங்கத் தொடங்கும்.

என் மகள் சேலத்தில் நான்கு வருடமாக நீந்துகிறாள். 25 மீட்டருக்கு 28 கை போட்டவள் இப்போது 20 போடுகிறாள். முன்பு 400 மீட்டர் முடித்தால் கழுத்தில் விரல் வைத்து நாடி எண்ணக்கூட முடியாமல் இரைப்பாள். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டே பக்கத்து லேன் பெண்ணிடம் கதை பேசுகிறாள். கொஞ்சம் உயரமாக வளர்ந்ததும் ஒரு காரணம், அதையும் சொல்ல வேண்டும்.

ஏற்காடு தாராளமாகப் போங்கள். அந்த 20 கொண்டை ஊசி வளைவுக்கு ஒரு எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும். அப்புறம், திரும்பி வந்ததும் பிள்ளையை மறுபடி குளத்தில் இறக்கிவிடுங்கள்.