கோச் சாரைக் கேலி செய்பவர்களுக்கு

நம் மன்றத்தின் 17 வயதுக்குட்பட்டோர் கால்பந்து அணி ஆடிய அரையிறுதியில் நடந்ததை நம் கொல்லங்கோடு, ஊரம்பு பக்கத்து நண்பர்களுக்கு நான் மறுபடி விவரிக்கத் தேவையில்லை. ஆனால் அதற்குப் பிறகு கோச் சாரைப் பற்றி எழுதப்படுபவற்றைப் படித்துவிட்டு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. தம் அணியின் இரண்டு பையன்களுக்கு 17 வயது கடந்துவிட்டது என்பதை ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்ட மனிதர், ஆட்டம் தொடங்கும் முன்பே அமைப்பாளர்களிடம் தாமாகப் போய்ச் சொன்னார். அந்த இருவரையும் வெளியே உட்காரவைத்து, மீதிப் பையன்களைக் கொண்டு ஆடித் தோற்றார். அதற்காக அவருக்கு ‘பாஸ்டர்’ என்று பட்டம் சூட்டியிருக்கிறீர்கள். பைபிளைத் தூக்கிக்கொண்டு சர்ச்சுக்குப் போகட்டும், பந்தை நம்மிடம் விட்டுவிடட்டும் என்று ஒரு தம்பி எழுத, அதற்குக் கீழே எத்தனை சிரிப்புகள்!

அவர் செய்தது சரி. கோப்பை போனாலும் சரி, மன்றத்துக்கு வரவேண்டிய பரிசுப் பணம் போனாலும் சரி, அவர் செய்தது சரி.

விசுவாசத்தை மைதானத்துக்கு வெளியே வைக்க வேண்டும் என்கிறீர்கள். சாயங்காலமானால் நம் தெருவோரம் வலை கட்டி ஆடுகிறீர்களே வாலிபால், அது 1895இல் அமெரிக்காவில் ஹோலியோக் நகரத்து ஒய்.எம்.சி.ஏ.வில், அதாவது கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தில், பிறந்த ஆட்டம். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1891இல், ஸ்பிரிங்பீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் கூடைப்பந்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் இறையியல் படித்தவர். பிரசங்க பீடத்தைவிட விளையாட்டுத் திடலில் இளைஞர்களின் குணத்தை உருவாக்க முடியும் என்று நம்பியே அவர் அங்கே போனார். பின்னாளில் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக இருந்தபோது அவருடைய அணி 55 ஆட்டங்களில் வென்று 60 ஆட்டங்களில் தோற்றது. ஆட்டத்தையே உருவாக்கியவர் வெற்றியைவிடத் தோல்வியை அதிகம் கண்டவர்; அதனால் அவரை யாரும் திடலைவிட்டுத் துரத்தவில்லை. ஆகவே, விசுவாசத்துக்கும் திடலுக்கும் சம்பந்தமில்லை என்று இனி எழுதுகிறவர்கள் முதலில் அந்த வலையை அவிழ்த்து வைத்துவிட்டு எழுதுங்கள்.

அடுத்து, ஊரில் எல்லோரும் வயதைக் குறைத்துத்தானே ஆடுகிறார்கள் என்கிறீர்கள். ஆடுகிறார்கள், எனக்கும் தெரியும். உலகம் முழுக்க இந்த நோய் இருப்பதால்தான் 2009 முதல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் வயதைக் கண்டுபிடிக்கப் பையன்களின் மணிக்கட்டு எலும்பை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கிறது உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா. நம் பக்கத்துப் போட்டிகளில் அந்தக் கருவி கிடையாது. இங்கே இருப்பது ஒரு பள்ளிச் சான்றிதழும், அதைக் கையில் வாங்கிப் பார்க்கிற பயிற்சியாளரின் மனச்சாட்சியும் மட்டுமே.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டால், என் தம்பியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். இடது காலால் அவன் அடிக்கிற பந்தைப் பார்க்கவே அந்தக் காலத்தில் பாறசாலையிலிருந்து ஆட்கள் வருவார்கள். தேர்வு முகாமில் அவனுக்கு முன்னால் நின்றவனுக்கு மீசை முளைத்து வருடங்கள் ஆகியிருந்தன. அவனுடைய பயிற்சியாளருக்கு அது தெரியும். எங்கள் பயிற்சியாளருக்கும் தெரியும். ஆட்டத்துக்கு முன்பு இருவருமே பையன்களை வட்டமாக நிற்கவைத்துக் கண்ணை மூடி ஜெபம் செய்தார்கள். என் தம்பி அடுத்த வருடமே கொச்சியில் படகேறி ஆழ்கடல் தொழிலுக்குப் போய்விட்டான். அன்று அந்த இருவரில் ஒருவராவது, இன்று கோச் சார் வாயைத் திறந்ததைப் போல, வாயைத் திறந்திருக்கக் கூடாதா? இத்தனை வருடங்களுக்குப் பிறகும் எங்கள் அம்மா கேட்கிற கேள்வி அது.

ஒலிம்பிக் வந்தால் ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிடலின் படத்தைப் போட்டு ‘கர்த்தருக்காக ஓட்டத்தை விட்டவர்’ என்று எழுதுகிறவர்களையும் இந்தச் சிரிப்புகளுக்கு நடுவே பார்த்தேன். அதுதான் அதிகம் வலித்தது. 1924இல் பாரிஸில், தகுதிச் சுற்று ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமை வந்ததால் 100 மீட்டரை விட்டுக்கொடுத்து, 400 மீட்டரை 47.6 விநாடியில் ஓடித் தங்கம் வென்றவர் அவர். நம் நெய்யூர் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய அதே லண்டன் மிஷனரி சங்கத்தின் ஊழியராகச் சீனாவில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடத்தோடு விளையாட்டும் சொல்லிக்கொடுத்தார். ஜப்பானியர் அவரை அடைத்துவைத்த முகாமில், ஞாயிற்றுக்கிழமை நடுவரில்லாமல் ஹாக்கி ஆடிய பிள்ளைகள் அடித்துக்கொண்டதைப் பார்த்து, ஒலிம்பிக்கில்கூட விட்டுக்கொடுக்காத அந்த ஓய்வுநாளை அவர்களுக்காக விட்டுக்கொடுத்து நடுவராக நின்றார். 1945இல் அதே முகாமில் இறந்தார். தூரத்தில் இருக்கிற லிடலைக் கும்பிடுவீர்கள். அவரைப் போல ஒருவர் உங்கள் பிள்ளையின் அணியில் இருந்து, அதனால் உங்களுக்கு ஒரு கோப்பை நஷ்டமானால் கேலி செய்வீர்களா?

அந்தப் பையன்களின் எதிர்காலம் என்ன என்று கேட்கிறவர்களுக்கு மட்டும் பொறுமையாகப் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைத்தால் ஒரு குடும்பமே கடலிலிருந்து கரையேறும் என்பது எனக்குத் தெரியாதா? அந்தச் சான்றிதழில் வருடத்தை மாற்றியது பையன்கள் அல்லர், பெரியவர்கள்தான் என்பதும் உண்மை. ஆனால் கோச் சார் அவர்கள் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லவில்லை; அன்று இரவே இரண்டு வீடுகளுக்கும் போய், பெரியவர்கள் பிரிவில் ஆடத் தாமே பயிற்சி தருவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். கேலி எழுதியவர்களில் ஒருவரும் அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

இதை ஏன் முன்பே பார்க்கவில்லை என்று கேட்கிறீர்கள். முந்தின நாள் மாலைதான் பதிவேடு அவர் கைக்கு வந்தது, அவ்வளவுதான். கிறிஸ்தவர் மட்டும்தான் நேர்மையானவரா என்று கேட்பவருக்கு: நான் அப்படி எங்கும் எழுதவில்லை. இந்த மனிதருக்கு அந்தத் துணிச்சல் அவருடைய விசுவாசத்திலிருந்து வந்தது என்கிறேன். அதை அவர் மறைக்கவும் வேண்டாம், நீங்கள் கேலி செய்யவும் வேண்டாம்.

வரும் மன்றக் கூட்டத்தில் அவரை நீக்கத் தீர்மானம் கொண்டுவரப் போவதாகக் கேள்விப்பட்டேன். கொண்டுவாருங்கள். என் தம்பி கரையில் இருந்தால் அவனையும் அழைத்துக்கொண்டு வருவேன். நாங்கள் இருவரும் அதை எதிர்த்து வாக்களிப்போம். ஏன் என்பதை உங்கள் முன்னால் எழுந்து நின்று சொல்வோம்.