டல்ஹவுசி குடும்பக் கதையை விட்டுட்டீங்களே

இந்தியாவுல பிரிட்டிஷ் கவர்னர் ஜெனரலா இருந்த டல்ஹவுசி பிரபு கொண்டு வந்த ரயில், தந்தி, தபால் பத்தி உங்க கட்டுரைல நல்லா எழுதியிருக்கீங்க சார், ஆனா அந்தாளோட குடும்பத்தை ஒரே வரில முடிச்சிட்டீங்க, சுவாரசியமே அங்கதான் இருக்கு. ஸ்காட்லாந்து ராம்சே வம்சம், எடின்பரோ பக்கத்துல கோட்டை, அப்பா ஒன்பதாவது ஏர்ல் (பரம்பரையா வர்ற பிரபு பட்டம்), கனடாவுல கவர்னரா இருந்தவர், இவர் மூணாவது புள்ள, அண்ணனுங்க முன்னாடியே போய்ட்டதாலதான் 1838ல பட்டம் இவருக்கு வந்துச்சு.

இங்க வந்து, சொந்தப் புள்ள இல்லாம ராஜா செத்தா தத்துப்பிள்ளை வாரிசா செல்லாதுன்னு சதாரா, நாக்பூர், ஜான்சின்னு ராஜ்யங்களை வரிசையா சுருட்டுனாரு, தஞ்சாவூர்லயும் 1855ல ராஜா சிவாஜி செத்ததும் ஆண் வாரிசு இல்லைன்னு முடிச்சு விட்டாங்க, பொண்ணு இருந்தும். இப்ப கூத்தை பாருங்க, டல்ஹவுசிக்கும் ரெண்டு பொண்ணு மட்டும்தான்! பஞ்சாபை பிடிச்சதுக்கு 1849ல குடுத்த மார்க்விஸ் பட்டம் (ஏர்லுக்கு மேல உள்ளது) ஆண் வாரிசு இல்லாததால 1860ல 48 வயசுல இவர் செத்தப்பவே காலி. பழைய ஏர்ல் பட்டம் பங்காளி ஃபாக்ஸ் மால்க்கு போச்சு.

இன்னொண்ணு, இவர் மாமனார் ட்வீட்டேல் பிரபு 1842ல இருந்து 48 வரைக்கும் மெட்ராஸ் கவர்னர். மூத்த பொண்ணு சூசனை கட்டுனவரும் 1886ல மெட்ராஸ் கவர்னரா வந்தாரு, அவர்தான் நம்ம எழும்பூர் லைப்ரரி பேர்ல இருக்குற கன்னிமாரா பிரபு. 1890ல விவாகரத்து ஆயிடுச்சு, அது தனிக்கதை.