ஒரு கிராம் நிலாக்கல்

கல்யாண வீட்டில் மொய்யாக வைப்பார்களே, ஒரு கிராம் தங்கக் காசு. கையில் வைத்தால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. 1978 மே மாதம் அமெரிக்க அதிபர் கார்ட்டரின் பாதுகாப்பு ஆலோசகர் பிரெசின்ஸ்கி பெய்ஜிங் போனபோது, சீனாவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்த நிலாக்கல்லின் எடையும் அவ்வளவுதான். கல் என்பதால் கொஞ்சம் பருமன், ஒரு கொண்டைக்கடலை அளவு இருந்திருக்கும். அப்போலோ பயணங்களில் அமெரிக்கா அள்ளி வந்தது மொத்தம் 382 கிலோ.

சீனர்கள் அந்தக் கடலையையும் பாதியாகப் பிரித்தார்கள். அரை கிராம் பெய்ஜிங் கோளரங்கத்தில் மக்கள் பார்வைக்கு. மீதி அரை கிராம் ஓயாங் ஸியுவான் என்ற புவிவேதியியலாளரிடம் ஆய்வுக்குப் போனது. இந்தப் பங்கீடு எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். இருந்த துளியில் ஊருக்கும் காட்டியாகிவிட்டது, படிக்கிறவனுக்கும் கொடுத்தாகிவிட்டது. அதே ஓயாங்தான் பின்னாளில் சீனாவின் சாங்'இ நிலாத் திட்டத்தின் தலைமை விஞ்ஞானி ஆனார்.

இப்போது 2011-க்கு வாருங்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தில் வர்ஜீனியாவின் குடியரசுக் கட்சி உறுப்பினர் பிராங்க் வூல்ஃப், தனி அனுமதி இல்லாமல் நாசாவின் பணத்தில் ஒரு டாலர்கூட சீன அரசுடனோ சீன நிறுவனங்களுடனோ இருதரப்பாகச் சேர்ந்து வேலை செய்யச் செலவாகக் கூடாது என்று நிதிச் சட்டத்தில் ஒரு பத்தியைச் சேர்த்தார். அதற்குப் பெயரே வூல்ஃப் திருத்தம். அவர் 2015-இல் அரசியலைவிட்டே போய்விட்டார். அந்தப் பத்தி மட்டும் வருஷா வருஷம் நிதிச் சட்டத்தோடு உயிர் பெற்றுக்கொண்டே இருக்கிறது.

அவர் பயந்ததில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சீனாவில் விண்வெளி வேலையையும் ராணுவத்தையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். 2007 ஜனவரியில் தன்னுடைய பழைய வானிலைச் செயற்கைக்கோளையே ஏவுகணையால் அடித்துச் சிதறடித்து, 3000-க்கும் மேற்பட்ட துண்டுகளைச் சுற்றுப்பாதையில் மிதக்கவிட்ட நாடு அது. ராக்கெட் எஞ்சினைக் கொடுக்காதே என்றால் சரி, புரிகிறது. கல்லில் என்னய்யா ராணுவ ரகசியம் இருக்கிறது?

சட்டம் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு 2013-இல் நடந்ததைச் சொல்கிறேன். வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களைப் பற்றி நாசாவின் ஏம்ஸ் மையத்தில் ஒரு கருத்தரங்கு. சீனக் குடிமக்கள் வரக் கூடாது என்றார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலேயே வேலை பார்க்கும் சீன இளைஞர்களுக்கும் அதே பதில்தான். அமெரிக்க வானியலாளர்கள் சிலர் கொதித்துப்போய், அப்படியென்றால் நாங்களும் வரவில்லை என்று விலகினார்கள். கடைசியில் வூல்ஃபே, என் சட்டம் இதைச் சொல்லவில்லை, நீங்கள் தப்பாகப் படித்துவிட்டீர்கள் என்று நாசாவுக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. தடை நீங்கியது. சட்டம் எழுதியவரைவிட அதை அமல்படுத்துகிறவருக்குப் பயம் அதிகம். நம் ஊர் அலுவலகங்களில் பார்க்காததா!

2020 டிசம்பரில் சீனாவின் சாங்'இ-5 விண்கலம் 1731 கிராம் நிலா மண்ணோடு திரும்பியது. அதிலிருந்த எரிமலைப் பாறையின் வயது சுமார் 200 கோடி ஆண்டு. அப்போலோ கொண்டுவந்த எரிமலைப் பாறைகள் 300 கோடிக்கு மேல். ஆறிப்போய்விட்டது என்று நினைத்திருந்த நிலா அவ்வளவு பிற்காலத்தில்கூட எப்படிக் குழம்பு கக்கியது? விடை அந்த மண்ணில்தான் இருக்கிறது. நிலா மண் மாதிரி இங்கேயே செய்த பொய்மண்ணை வைத்து ஊர்தி ஓட்டிப் பார்க்கலாம், இஸ்ரோ நாமக்கல் பக்கத்துச் சித்தம்பூண்டிப் பாறையை அரைத்துச் சோதனை செய்த மாதிரி. வயதைக் கண்டுபிடிக்க அசல் வேண்டும்.

2024 ஜூனில் சாங்'இ-6 நிலாவின் மறுபக்கத்திலிருந்தே 1935 கிராம் கொண்டுவந்தது. அதுவரை எந்த நாடும் செய்யாத காரியம். இறங்கிய இடத்தின் பெயர் அப்போலோ பள்ளம்! உயிர்நீத்த நாசா விண்வெளி வீரர்களின் பெயர்களைத் தாங்கிய சிறு பள்ளங்கள் அதற்குள் இருக்கின்றன. அந்த மண்ணைத் தொட்டுப் பார்க்க நாசா விஞ்ஞானிக்குத்தான் தன் நாட்டுச் சட்டம் குறுக்கே நிற்கிறது. ஒத்துழைப்புக்குத் தடை எது என்று கேட்டதற்குச் சீன விண்வெளித் துறை அதிகாரி அந்த மாதமே நேராகச் சொன்ன பதில், வூல்ஃப் திருத்தம்.

சீனாவும் ஒன்றும் கர்ணன் இல்லை. யாருக்குக் கொடுத்தால் பெயர் வரும் என்று கணக்குப் போட்டுத்தான் கொடுக்கிறது. 2025 ஏப்ரலில் ஆறு நாடுகளின் ஏழு நிறுவனங்களுக்கு சாங்'இ-5 மண்ணைத் தருவதாக அறிவித்தது. பாகிஸ்தான், பிரான்ஸ், ஜப்பான் எல்லாம் இருக்கும் அந்தப் பட்டியலில் பிரவுன், ஸ்டோனி புரூக் என்று இரண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் உண்டு. கிடைப்பது மில்லிகிராம் கணக்கில்தான். 1978-இல் அமெரிக்கா கொடுத்தது அன்பளிப்பு. இது இரவல், ஆராய்ந்து முடித்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.