பொறுமையெல்லாம் இருக்கிறது, முதலில் நேரத்தைச் சொல்லுங்கள்

வெளிநாட்டுப் பயணம் பொறுமையைக் கற்றுக்கொடுக்கும் என்று இனி யாராவது என்னிடம் சொன்னால் மரியாதை கெட்டுவிடும். தண்டையார்பேட்டைக்காரனுக்குப் பொறுமை சொல்லித்தர ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து ஆள் வரணுமா? கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் வண்டி ஆடி அசைந்து போகிறவரைக்கும் வண்டியை அணைத்துவிட்டு நின்று வளர்ந்தவன் நான். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் நின்றிருக்கிறேன். எந்த ஊரிலிருந்து வந்தாலும் சரி, சென்ட்ரல் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது ரயிலை பேசின் பிரிட்ஜில் நிறுத்திப்போடுவார்கள். அதையும் சகித்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

ஆனால் கேட்டில் ஒரு நியாயம் உண்டு. எதற்காக நிற்கிறோம் என்பது கண்ணெதிரே ஓடிக்கொண்டிருக்கும். கடைசிப் பெட்டி தெரிந்ததும் அத்தனை பேரும் வண்டியைக் கிளப்புவார்கள். விமான நிலையத்தில் அந்த நியாயம்கூட இல்லை.

மகள் வீட்டில் இருந்துவிட்டு ஜெர்மனியிலிருந்து நானும் வீட்டுக்காரம்மாவும் திரும்பினோம். வளைகுடாவில் விமானம் மாறி சென்னை. ஜெர்மனியில் கிளம்புகிற இடத்திலேயே, பலகையில் முதலில் 40 நிமிஷம் தாமதம் என்று போட்டான். சரி. அப்புறம் இன்னொரு 40 நிமிஷம். அப்புறம் நேரமே இல்லை, தாமதம் என்ற வார்த்தை மட்டும். கண்ணாடி வழியே பார்த்தால் மஞ்சள் சட்டை போட்ட நாலு பேர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு இன்ஜினையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தன்கூட ஸ்பேனரைத் தொடவில்லை. அதைப் பார்க்கிற எனக்கே தெரிகிறது, இது இப்போதைக்குக் கிளம்பாது என்று. கவுன்டரில் இருக்கிற பெண்ணுக்குத் தெரியாதா? "இன்னும் சற்று நேரத்தில் அறிவிப்போம், பொறுமைக்கு நன்றி." நான் எப்போது பொறுமையாக இருந்தேன், நீ நன்றி சொல்வதற்கு?

அப்புறம் ஒரு கூப்பன் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு போனால் ஆளுக்கு ஒரு சாண்ட்விச்சும் தண்ணீர் பாட்டிலும் வாங்கினதோடு காலி. என் மனைவிக்குச் சர்க்கரை. நேரத்துக்குச் சாப்பிட்டு ஊசி போடணும். விமானம் எத்தனை மணிக்கு என்று தெரிந்தால்தானே அதைக் கணக்குப் பண்ண முடியும்? இதைச் சொன்னால் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர், "நம்ம கையில என்ன சார் இருக்கு, டென்ஷன் ஆகாதீங்க" என்கிறார். மனைவியோ, "கத்தாதீங்க, எல்லாரும் பாக்கறாங்க." பார்க்கட்டுமே!

கையில் என்ன இருக்கிறதா? ஐரோப்பிய ஒன்றியம் 2004-லேயே சட்டம் போட்டு 2005-லிருந்து அமலில் வைத்திருக்கிறது. ஒன்றியத்து நாடுகளிலிருந்து கிளம்புகிற எந்த நாட்டு விமானத்துக்கும் அது பொருந்தும். ரெண்டு மணி நேரம் தாமதமானாலே பயணியின் உரிமைகளைக் காகிதத்தில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்தார்களா? ஒரு துண்டுச் சீட்டு இல்லை. போய்ச் சேருவதற்கு 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் நஷ்டஈடு உண்டு என்று அவர்கள் நீதிமன்றம் 2009-ல் சொல்லிவிட்டது. சென்னை மாதிரி 3,500 கிலோமீட்டருக்கு மேல் தூரமும், 4 மணி நேரத்துக்கு மேல் தாமதமும் என்றால் ஆளுக்கு 600 யூரோ.

நம் ஊர் விதியைப் பார்த்தால் வயிறு எரிகிறது. சென்னையில் இதே தாமதம் என்றால் சாப்பாடு தருவார்கள். 6 மணி நேரத்துக்கு மேல் போனால் வேறு விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். ராத்திரி 8 மணியிலிருந்து விடியற்காலை 3 மணிக்குள் கிளம்ப வேண்டியது 6 மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனால் ஓட்டல் அறை. காத்துக்கிடந்த நேரத்துக்குக் காசு? பேச்சே கிடையாது.

சரி, கதைக்கு வருகிறேன். வளைகுடாவில் அடுத்த விமானம் போயே போய்விட்டது. சாயங்காலம் இறங்கியிருந்தால் மெட்ரோவில் நேரே வந்திருப்போம். 2021-ல் விம்கோ நகர் வரைக்கும் நீட்டினதிலிருந்து எங்கள் ஏரியாவுக்கு விமான நிலையத்திலிருந்து வண்டியே மாற வேண்டாம், அந்த ஒரு புண்ணியம் நடந்திருக்கிறது. நாங்கள் வந்து இறங்கியது நடுராத்திரி தாண்டி. மெட்ரோ மூடியாச்சு. டாக்ஸி புக் பண்ணினால் போன் வருகிறது: "எங்க சார் டிராப்?" தண்டையார்பேட்டை என்றதும் கேன்சல். அடுத்தவனும் அதே கேள்வி, அதே கேன்சல். வடசென்னை என்றால் இவர்களுக்கு என்னதான் பயமோ! கடைசியில் ஒருத்தர் மீட்டருக்கு மேல் போட்டுக் கொடுங்க என்று பேரம் பேசித்தான் ஏற்றினார். பெட்டிகளோடு அவரோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

மகள் உட்கார்ந்து நஷ்டஈட்டுக்கு விண்ணப்பம் அனுப்பினாள். பதில் வந்தது: தொழில்நுட்பக் கோளாறு, எதிர்பாராத சூழ்நிலை, ஆகவே தர இயலாது, தங்கள் புரிதலுக்கு நன்றி. விமானத்தில் வருகிற கோளாறு கம்பெனி தொழிலோடு வருகிற சமாச்சாரம், அதைப் பொதுவாகச் சாக்காகச் சொல்ல முடியாது என்று அதே நீதிமன்றம் 2008-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அது இவர்களுக்குத் தெரியாதா என்ன? நூறு பேரில் தொண்ணூறு பேர் இந்த ஒரு மெயிலோடு சலித்துப்போய் விட்டுவிடுவார்கள் என்ற தைரியம்தான்.

என்ன கோளாறு, அது எத்தனை மணிக்குத் தெரிந்தது, எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டுப் பதில் போட்டிருக்கிறேன். ஜெர்மனியில் வழக்குப் போட மூன்று வருஷம் அவகாசம் இருக்கிறதாம். போர்டிங் பாஸ், அந்தக் கூப்பன், டாக்ஸி ரசீது எல்லாம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. ரெண்டு பேருக்கும் சேர்த்து 1,200 யூரோ. விடுவேனா?