அர்புயத் ஒரு இயக்கமா?
அர்புயத் என்ற எஸ்தோனியக் கவிஞர் குழுவைப் பற்றிய கட்டுரை ஒன்று, அவர்கள் கூடிப் பேசி, அறிக்கை விட்டு இயக்கம் தொடங்கியதாகச் சொல்கிறது. அப்படி ஒரு அறிக்கையே கிடையாது. எஸ்தோனிய நகரமான டார்ட்டுவைச் சுற்றி எழுதிக்கொண்டிருந்த எட்டுப் பேரை 1938இல் ஒரே தொகுப்பில் சேர்த்தவர் விமர்சகர் ஆன்ட்ஸ் ஓராஸ்; தொகுப்பின் பெயரே குழுவுக்கும் ஒட்டிக்கொண்டது.

இந்த எட்டுப் பேரில் பெட்டி ஆல்வரும் ஹெய்ட்டி தால்விக்கும் யாப்பில் கறார். எஸ்தோனியச் சொல்லில் அழுத்தம் பொதுவாக முதல் அசையில் விழும். ஆகவே அழுத்தமில்லாத அசையில் வரியைத் தொடங்க, முன்னால் ஓரசைச் சொல் ஒன்றை வைத்தாக வேண்டும். மொழிபெயர்ப்பில் முதலில் தொலைவது இந்த இறுக்கம்தான். குழுவிலிருந்த இறையியலாளர் உகு மாசிங்கைக் கட்டுரை இவர்களோடு ஒரே தட்டில் வைத்ததும் சரியில்லை.

‘குழு கலைந்தது’ என்று கட்டுரை ஒரே வரியில் முடித்திருக்க வேண்டாம். தால்விக் 1945இல் கைதாகி, 1947இல் சைபீரியாவில் இறந்தார். குழுவின் இன்னொரு கவிஞர் பெர்னார்ட் காங்ரோ ஸ்வீடனுக்குத் தப்பி, அங்குள்ள லுண்ட் நகரிலிருந்து எஸ்தோனிய நூல்களைப் பதிப்பித்தார்.