நாலு சதவீதம்

போன வாரம் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். பீரோவைத் திறந்து பாஸ்புக்கை எடுத்துக் காட்டினார். 1,500 ரூபாய் வரவு. மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தின் முதல் மாதப் பணம். "டீச்செலவுக்கு ஆச்சு கண்ணு" என்றார். அந்த டீச்செலவுக்கு நாங்கள் அலைந்தது இரண்டே கால் வருஷம்.

சித்தப்பாவுக்குச் சின்ன வயதிலேயே போலியோ. வலது காலில் பலமில்லை. முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். அந்தக் காலோடு முப்பது வருஷம் விசைத்தறி ஓட்டினார். அந்தத் தறியின் பல் சக்கரத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் பாதிக்கு மேல் போய்விட்டன. பெண் பார்க்கப் போன காலத்தில், கையைத் துண்டுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் எங்கள் ஆத்தா. அன்றைக்குப் போன கை இன்று வரைக்கும் வெளியே வரவில்லை. இது ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

2022 டிசம்பரில் ஊனச் சான்றிதழ் முகாமுக்குக் கூட்டிப் போனோம். நூறு பேருக்கு மேல் வரிசை, எலும்பு டாக்டர் ஒருவர். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அன்று மதியம் வரை அவர் தண்ணீர் குடித்ததைக்கூட நான் பார்க்கவில்லை. சித்தப்பாவின் காலைப் பார்த்தார், மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார், எதையோ எழுதினார். இரண்டு நிமிஷம் இருக்கும். வெளியே மேஜையில் இருந்தவர் சொன்னார்: "ஊனம் 36 சதவீதம்தான் வருது. 40 வேணும். அடுத்த கேம்ப்ல பாருங்க."

சரி என்று வந்துவிட்டோம். இதுதான் நாங்கள் செய்த முதல் முட்டாள்தனம்.

அடுத்த ஆண்டு இன்னொரு முகாம். புது மனு, புது போட்டோ, அதே வரிசை. பழைய பதிவைப் பார்த்தார்கள். "போன தடவையே 36 போட்டிருக்கே" என்று அனுப்பிவிட்டார்கள். இந்தத் தடவை காலைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

நம் ஊரில் பெரும்பாலானோர் செய்வது இதுதான். மறுத்தால் மறுபடியும் விண்ணப்பிப்போம். முதல் முடிவு தப்பென்றால் அதைத்தானே எதிர்க்க வேண்டும்? புது மனு எத்தனை போட்டாலும் பழைய தப்பு கோப்பில் அப்படியே உட்கார்ந்திருக்கும், ஒவ்வொரு தடவையும் அதைப் பார்த்துத்தான் அடுத்தவர் எழுதுவார். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் 59-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சான்று தரும் அதிகாரியின் முடிவு சரியில்லை என்றால் மேல்முறையீடு செய்யலாம். இது சலுகை இல்லை, சட்டம் கொடுத்த உரிமை. இரண்டு முகாமிலும் அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இன்னொன்றைக் கேளுங்கள். அந்தச் சட்டத்தின் கீழ் 2017-இல் வந்த விதிகளில் எட்டாம் படிவம் என்று ஒன்று உண்டு. சான்று தர முடியாது என்றால் காரணத்தை எழுதி அந்தப் படிவத்தில் கொடுக்க வேண்டும். முடிவில் உங்களுக்குக் குறை இருந்தால் இன்னாரிடம் முறையிடலாம் என்று அதிலேயே ஒரு வரி, 'இன்னார்' என்கிற இடத்தில் நிரப்புவதற்குக் கோடு. அதாவது, யாரிடம் போய்ச் சண்டை போட வேண்டும் என்பதை மறுப்பவரே நமக்கு எழுதித் தர வேண்டும்! எங்களுக்குக் கிடைத்தது "அடுத்த கேம்ப்ல பாருங்க". வாயால் சொன்ன மறுப்பை எதிர்த்து எங்கே மேல்முறையீடு செய்வது? அதற்குத் தேதி இல்லை, காரணம் இல்லை, கையெழுத்தும் இல்லை.

அப்புறம்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். பத்து ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், அரைப் பக்கக் கடிதம். சித்தப்பாவைப் பரிசோதித்த பதிவின் நகலும், சதவீதத்தைக் கணக்கிட்ட விதமும் வேண்டும் என்று கேட்டேன். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும், கிட்டத்தட்ட அதற்குள் வந்தது. ஒரே ஒரு தாள். வலது கால், போலியோ, 36. கையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

கை எங்கே இருந்தது? துண்டுக்குள்.

டாக்டர் கேட்கவில்லை, சித்தப்பா காட்டவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கும் சொல்லத் தோன்றவில்லை, ஏனென்றால் எங்கள் வீட்டில் அந்தக் கையைப் பற்றிப் பேசுவதே கிடையாது.

இப்போது கணக்கைப் பாருங்கள். உடம்பில் இரண்டு இடங்களில் குறைபாடு இருந்தால் இரண்டையும் அப்படியே கூட்ட மாட்டார்கள். அதற்கு ஒரு சூத்திரம். பெரிய எண்ணை 90-இல் இருந்து கழித்து, வந்ததைச் சின்ன எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, பெரிய எண்ணோடு சேர்ப்பார்கள். காலுக்கு 36, கைக்கு 10 என்று வைத்தால் 46 வராது. 54-ஐப் பத்தால் பெருக்கி 90-ஆல் வகுத்தால் 6. ஆக 42. நாற்பதைத் தாண்டியாயிற்று. துண்டை விலக்கி ஒரு தடவை பார்த்திருந்தால் 2022-லேயே முடிந்திருக்கும் வேலை.

மேல்முறையீட்டு மனுவை எழுதித் தரச் சொல்லி கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருப்பவரிடம்தான் முதலில் போனோம். அவர் பாட்டுக்கு "தாங்கள் கருணை கூர்ந்து, ஏழையேனின் குடும்ப வறுமை கருதி" என்று ஆரம்பித்துவிட்டார். பாவம், நல்ல மனுஷர், ஐம்பது ரூபாய்தான் வாங்கினார். ஆனால் அந்தத் தாளை நான் கொடுக்கவில்லை. வறுமைக்கும் விரலுக்கும் என்ன சம்பந்தம்? மருத்துவக் குழு அளப்பது உடம்பை. எந்த விரல், எந்த மூட்டு வரை, எந்த வருஷம், எங்கே தையல் போட்டது, அதனால் எந்த வேலை முடியாமல் போனது, முதல் பரிசோதனையில் எது விடுபட்டது, இவ்வளவும் ஒரு பக்கத்தில் எழுதினேன். கருணை என்கிற சொல்லை மட்டும் எங்கேயும் எழுதவில்லை. பழைய டிஸ்சார்ஜ் சம்மரி எங்கள் சித்தியின் அரிசிப் பானைக்கு அடியில் கிடைத்தது, அதையும் வைத்தேன். கையின் போட்டோ, தகவல் உரிமையில் வந்த தாளின் நகல், எல்லாவற்றையும் இணைத்துத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்கினோம். ரசீது இல்லாமல் எதையும் கொடுக்காதீர்கள்.

மனு மேசை மேசையாகச் சுற்றி, மேல் மருத்துவக் குழுவுக்குப் போகவே மாதங்கள் ஆயின. நடுவில், 2024-இல், ஐ.ஏ.எஸ். பயிற்சி அதிகாரி ஒருவர் மீது போலி ஊனச் சான்று கொடுத்தார் என்று குற்றச்சாட்டு வந்து ஊரே பேசியது. அதற்கப்புறம் எந்தக் கவுண்டருக்குப் போனாலும் எங்களையும் ஒரு தினுசாகப் பார்த்தார்கள். போலியைப் பிடிக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? போலிக்குப் பயந்து நிஜத்தைத் தள்ளிவிடுவதும் தப்புத்தானே. அதே ஆண்டு அக்டோபரில் மருத்துவப் படிப்பு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், மதிப்பீட்டுக் குழுக்கள் வெறும் சதவீதத்தை மட்டும் வைத்து ஒருவரைத் தகுதியில்லை என்று தள்ளக் கூடாது, காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்றது. அதே மாதம் விதியையும் திருத்தி, சான்று தர இருந்த ஒரு மாதக் கெடுவை மூன்று மாதமாக்கினார்கள். ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்குவது இதுதான்.

தொகையைப் பற்றி நிறையப் பேர் பேசுகிறார்கள். பேச வேண்டும். ஆந்திராவில் 2024-இல் மாதம் 6,000 ஆக்கினார்கள், இங்கே தமிழ்நாட்டில் 2023-இல் 1,500 ஆக்கினார்கள். மத்திய அரசின் திட்டத்தில் 80 சதவீத ஊனம் இருக்க வேண்டும், வறுமைக் கோட்டுக்குக் கீழேயும் இருக்க வேண்டும், அப்படியும் மத்திய அரசு போடுவது மாதம் 300 ரூபாய். உயர்த்தச் சொல்லி நம் ஆட்கள் மறியல் செய்யும்போது நானும் போய் நிற்பேன். ஆனால் 36-லேயே நிறுத்தப்பட்டவருக்கு ஆறாயிரமும் ஒன்றுதான், ஆயிரத்தைந்நூறும் ஒன்றுதான்.

மேல் குழுவின் முன்னால் போன அன்று சித்தப்பாவின் கையைத் துண்டில் இருந்து எடுக்க வைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அங்கே இருந்த டாக்டரம்மா பேனாவைப் பிடிக்கச் சொன்னார், சட்டைப் பட்டனைப் போடச் சொன்னார், மேஜை மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்து எடுக்கச் சொன்னார். இரண்டு தடவை காசு கீழே விழுந்தது. இருபது நிமிஷம் பார்த்துப் பார்த்து எழுதினார். "இதை ஏங்கய்யா முன்னாடியே காட்டல?" என்று கேட்டார். சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

42 வந்தது. அப்புறம் தாலுகா ஆபீஸ், வி.ஏ.ஓ. விசாரணை, அது தனிக் கதை.

நேற்று ஒரு கல்யாணத்தில் சித்தப்பாவைப் பார்த்தேன். பந்தியில் பக்கத்தில் இடம் போட்டு வைத்திருந்தார். இடது கை துண்டுக்குள் இருந்தது.