நானும் மாணவிதான்

நம் டெல்லித் தமிழ் மாணவர் குழுவில் வந்த அந்த அறிவிப்பை இங்கே பலரும் பார்த்திருப்பீர்கள். பொங்கல் விழா, ரெகுலர் மாணவர்களுக்கு, அதாவது தினமும் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு மட்டும். சந்தா கொடுத்து நானும் சேரலாமா என்று கேட்டதற்கு வந்த பதிலையும் பார்த்திருப்பீர்கள்: "ஆன்ட்டி, இது ஸ்டூடண்ட்ஸ் புரோகிராம். நீங்க கெஸ்ட்டா வாங்க." எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மனசு கேட்கவில்லை.

நானும் மாணவிதான். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. இரண்டாம் ஆண்டு, வயது 43. தினமும் கல்லூரிக்குப் போக முடியாத டெல்லிப் பெண்களுக்காக 1940-களிலேயே வந்த ஏற்பாட்டில் படிக்கிறேன். வாரநாளில் மற்றவர்கள் உட்காரும் பெஞ்சில் சனி, ஞாயிறு நாங்கள் உட்காருகிறோம். பட்டமும் அதே பல்கலைக்கழகம் கொடுப்பதுதான்.

"தபால்ல படிக்கிறதெல்லாம் ஒரு படிப்பா?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நான் படிப்பது தபால் வழியில் இல்லை. அப்படியே இருந்தாலும் என்ன குறைச்சல்? இதே பல்கலைக்கழகம் 1962-லேயே தபால்வழிக் கல்வியைத் தொடங்கியது. முறைப்படி அனுமதி பெற்ற தொலைநிலைப் பட்டமும் நேரடிப் பட்டமும் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2020 விதியே சொல்கிறது. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு ராத்திரி புத்தகத்தைத் திறப்பவரும் மாணவர்தான் தம்பி.

ஹால் சின்னது, பணம் பத்தாது என்கிறார்கள். சரி, அது நியாயம். சந்தா நானும் தருகிறேன் என்றுதானே கேட்டேன்?

"பெரியவங்க இருந்தா பசங்க ஃப்ரீயா இருக்க முடியாது" என்றதைத்தான் தாங்க முடியவில்லை. உங்களில் ஒருவருக்கு டெங்கு வந்தபோது ஆர்.கே.புரத்திலிருந்து மெட்ரோ ஏறி, ஹவுஸ் காஸில் மாறி, மிளகு ரசமும் குழைந்த சோறும் கொண்டுபோய்க் கொடுத்தேனே, அப்போது நான் அக்கா. ரூம் அட்வான்ஸுக்கு ஓனரிடம் இந்தியில் பேச ஆள் வேண்டியிருந்தபோதும் அக்கா. விழா என்றதும் ஆன்ட்டியா? செய்ததைச் சொல்லிக்காட்டுகிறேன் என்பீர்கள். ஆமாம், சொல்லத்தான் செய்கிறேன். வலிக்கிறது.

என்னை முதலில் மாணவியாகப் பார்த்தவர்கள் என் ஞாயிற்றுக்கிழமைத் தோழிகள். சங்கம் விஹாரிலிருந்து வரும் பீகார்ப் பெண் ஒருத்தி. கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருவாள். இந்தியில் நடத்தும் அரசியல் பாடம் எனக்கு ஓடாது. இடைவேளையில் வராந்தாத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சொல்லித்தருவாள். அவள் ஆங்கிலக் கட்டுரையை நான் திருத்துவேன். என் புளிசாதத்தை எடுத்துக்கொண்டு அவள் பராத்தாவை என் பக்கம் தள்ளுவாள். அவளுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஒரு நாள் நான் வராவிட்டால் ராத்திரிக்குள் போன் வந்துவிடும். சொந்த மொழிக்காரர்களிடம் நான் எதிர்பார்த்ததும் இவ்வளவுதான்.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஐந்தில் நான் நன்றாகவே வளைந்தேன் ஐயா. பிளஸ் டூவில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தேன். ரிசல்ட் வந்த அதே மாதம் நிச்சயம் செய்துவிட்டார்கள். அப்பாவிடம் கல்லூரி விண்ணப்பப் படிவம் வாங்க மட்டும் காசு கேட்டேன். "அங்க போய்ப் படிச்சுக்கோ" என்றார். அந்த "அங்க" வருவதற்குள் என் மகளே கல்லூரி சேர்ந்துவிட்டாள். இது என் ஒருத்தியின் கதை இல்லை. டெல்லித் தமிழ் வீடுகளில் இப்படி எத்தனை அக்காக்கள் சமையலறையில் நிற்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். நாளைக்கு அவர்களில் ஒருத்தி தைரியமாகச் சேர்ந்தால் அவளையும் கெஸ்ட் என்றுதான் உட்காரவைப்பீர்களா?

விருந்தாளியாக நான் வரமாட்டேன். மாணவர் பட்டியலில் என் பெயரைச் சேருங்கள். கோலம் போடவும் பாத்திரம் கழுவவும் உங்களோடு வரிசையில் நிற்கிறேன். சந்தாவை யாரிடம் கட்டவேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.